எதை எழுதுவது என்று தெரியாமல் நிற்கும் ஓர் ஆசிரியைக்கு

திருமங்கலத்துக்கு அருகிலுள்ள ஊரொன்றில் வசித்து, தனியார் பள்ளியில் ஆசிரியையாகப் பணிபுரியும் இருபத்தேழு வயதுப் பெண்மணி ஒருவர் கேட்டிருப்பதன் சுருக்கம் இது. கல்லூரி நாட்களில் சிறுகதைப் போட்டிகளில் பரிசு பெற்றிருக்கிறார். படிப்பு முடிந்த பின் எதைத் தொடங்கினாலும் நான்கு பக்கங்களுக்கு மேல் நகர்வதில்லை. கவிதை, கதை, கட்டுரை இவற்றில் தம் வழி எது என்று தெரியவில்லை. எழுதும் ஊக்கத்தை எப்படித் தக்கவைத்துக்கொள்வது என்றும், வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக எழுதலாமா என்றும் கேட்கிறார். 'எழுதுவதற்கு எங்கள் வீட்டில் எதுவும் இல்லை. அம்மா பூக்கட்டுகிறார், அப்பா மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் ஒரு கமிஷன் கடையில் கணக்கு எழுதுகிறார்' என்று நடுவே ஒரு வரியும் இருக்கிறது.

ஊக்கத்தையும் திசையையும் தனித்தனியே கேட்டிருக்கிறீர்கள். இரண்டும் ஒரே சிக்கல் என்று நான் கருதுகிறேன். மதுரையில் வாசகர் கூட்டங்களிலும், புதிதாக எழுதுவோரின் கையெழுத்துப் படிகளைப் படித்துக் கருத்துச் சொல்லும் வேலையிலும் நெடுங்காலம் இருந்துவருகிறேன். எழுத்தை நிறுத்திக்கொண்டவர்களில் பெரும்பாலோர் திறமை தீர்ந்து நிறுத்தவில்லை. தாம் சொல்லாவிட்டால் சொல்லப்படாமலே போய்விடும் என்று நினைக்கத்தக்க ஒரு பொருள் கையில் இல்லாததால் நிறுத்தினார்கள். அப்படியொரு பொருள் அகப்பட்டவர்களும் களைத்திருக்கிறார்கள். ஆண்டுக்கணக்கில் ஓய்ந்துகூட இருந்திருக்கிறார்கள். ஆனாலும் மீண்டும் எழுத உட்கார்ந்திருக்கிறார்கள். ஆகவே ஊக்கத்தைத் தேடுவதை இப்போதைக்கு ஒதுக்கி வைத்துவிட்டு, பொருளைத் தேடுமாறு உங்களைக் கேட்டுக்கொள்கிறேன்.

கல்லூரியில் எழுதியது ஏன் எளிதாக இருந்தது என்பதை முதலில் பார்க்க வேண்டும். அப்போது தலைப்பை வேறொருவர் கொடுத்தார், கடைசித் தேதியை வேறொருவர் குறித்தார், எழுதியதைக் கட்டாயமாகப் படிப்பதற்கு நடுவர் ஒருவர் இருந்தார். பட்டம் வாங்கிக்கொண்டு வெளியே வந்ததும் இந்த மூன்றும் ஒரே நாளில் நின்றுபோயின. அதை நீங்கள் உங்கள் மனச்சோர்வு என்றும், சோம்பல் என்றும், திறமைக் குறைவு என்றும் மாறி மாறிப் பெயரிட்டு வருந்துகிறீர்கள். அந்த மூன்றையும் இனி நீங்களே உங்களுக்கு ஏற்படுத்திக்கொள்ள வேண்டும் என்பதுதான் செய்தி. அவற்றுள் தேதியும் வாசகரும் சற்று முயன்றால் கிடைத்துவிடக் கூடியவை. பொருள் அப்படியல்ல என்பதால் அதைப் பற்றியே அதிகம் பேச விரும்புகிறேன்.

எழுத எதுவும் இல்லை என்று நீங்கள் சொன்ன அந்த வரியைப் பல முறை படித்தேன். மதுரை மல்லிக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது 2013ஆம் ஆண்டில். அதன் மணத்தைப் பாடாத திரைப்பாடலாசிரியர் குறைவு. அதன் வணிகத்தை உள்ளிருந்து எழுதிய உரைநடை மிக மிகக் குறைவு. நாற்று ராமேசுவரம் தீவிலுள்ள தங்கச்சிமடத்திலிருந்து வருகிறது என்பதும், நவம்பர் கடைசியில் செடியைக் கவாத்து செய்வார்கள் என்பதும், பனிக்காலத்தில் வரத்துக் குறைந்து முகூர்த்த நாட்களில் விலை தாறுமாறாக ஏறும் என்பதும், சித்திரை வைகாசியில் பூ குவிந்து விலை சரிந்து சென்ட் தொழிற்சாலைக்குப் போகும் என்பதும் உங்கள் வீட்டில் சாப்பாட்டு நேரத்துப் பேச்சாக இருந்திருக்கும். மொட்டாக இருக்கும்போதே பறித்தாக வேண்டும் என்பதால் விடியலுக்கு முன்பே தோட்டத்துக்குப் போகும் பெண்கள், கடைக்காரரிடம் முன்பணம் வாங்கியதால் அவரிடமே பூவைப் போட்டாக வேண்டிய விவசாயி, ஒரே காலைப்பொழுதில் பல முறை மாறும் விலை, முழம் போடுபவரின் கை நீளத்தைப் பொறுத்துக் கூடிக் குறையும் முழம் என்று எடுத்துக்கொண்டால், ஒவ்வொன்றுக்குள்ளும் மனிதர்களின் மானமும் கடனும் தந்திரமும் பாசமும் இருக்கின்றன. நன்றாகப் படித்த, நன்றாக எழுதத் தெரிந்த ஒருவர் இந்தத் தொழிலுக்குள் பிறந்திருப்பது அடிக்கடி நேர்வதில்லை.

உடனே பூ வியாபாரத்தைப் பற்றி நாவல் எழுதிவிடுங்கள் என்று நான் சொல்லவில்லை. உங்களுக்குச் சொந்தமான அறிவு எங்கே இருக்கிறது என்று சுட்டிக்காட்டுகிறேன், அவ்வளவுதான். அந்தச் சொந்தத்தைப் பலரும் கூச்சத்தால் தள்ளி வைக்கிறார்கள். படித்த புத்தகங்களில் வரும் மாந்தர்கள் சென்னையிலோ வெளிநாட்டிலோ, அலுவலகத்திலோ விடுதி அறையிலோ இருப்பதால், தம் வீட்டுத் திண்ணை இலக்கியத்துக்கு உரியதல்ல என்ற எண்ணம் சொல்லாமலே ஊறிவிடுகிறது. நம் ஊரைப் பொறுத்தவரை அந்த எண்ணத்துக்கு ஆதாரமே இல்லை. பத்துப்பாட்டில் மிக நீண்டது மாங்குடி மருதனார் பாடிய மதுரைக்காஞ்சி, 782 அடிகள். தலையாலங்கானத்துப் போரில் வென்ற பாண்டியனுக்கு நிலையாமையை எடுத்துச் சொல்வது அதன் நோக்கம். அரசனுக்கு அறிவுரை சொல்ல வந்த புலவர், பகல் கடைத்தெருவான நாளங்காடியையும் இரவுக் கடைத்தெருவான அல்லங்காடியையும், அங்கே பூ விற்பவர்களையும் வெற்றிலை பாக்கு விற்பவர்களையும் அத்தனை பொறுமையாக நின்று பார்த்து எழுதியிருக்கிறார். உங்கள் தாயாரின் தொழில் செய்யுளில் ஏறிப் பல நூற்றாண்டுகள் ஆகிவிட்டன. இனி அது உரைநடையில் ஏற வேண்டும்.

மருதனாரிடம் கவனிக்க வேண்டியது இன்னொன்றும் உண்டு. யாரிடம் பேசுகிறோம், எதற்காகப் பேசுகிறோம் என்பது அவருக்குத் தெளிவாக இருந்தது. அந்தத் தெளிவு இருந்ததனால்தான் வீதி, திருவிழா, நள்ளிரவு, விடியல் என்று எவ்வளவு விரித்தாலும் பாட்டு சிதறவில்லை. நீங்கள் நான்காம் பக்கத்தில் நின்றுவிடுவதற்கு இதுதான் காரணமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். ஒரு காட்சி மனத்தில் தோன்றுகிறது, அதை அழகாக எழுதுகிறீர்கள், காட்சி முடிந்ததும் அடுத்து எங்கே போவது என்று தெரியவில்லை. தொடங்குவதற்கு முன் ஒரு கேள்வியை எழுதி வையுங்கள். 'விலை சரிந்த நாளில் அப்பா கணக்கை எப்படி எழுதினார்?' என்பது போன்ற, விடை உங்களுக்கே முழுவதும் தெரியாத கேள்வியாக அது இருக்க வேண்டும். தெரிந்த விடையை எழுதுவது விரைவில் அலுத்துவிடும். தெரியாத விடையைத் தேடி எழுதுபவருக்கு மறுநாளும் மேசைக்கு வரக் காரணம் இருக்கும்.

இங்கே ப. சிங்காரத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். சிங்கம்புணரியில் 1920இல் பிறந்து, இளம் வயதில் பிழைப்புக்காக இந்தோனேசியாவின் மேடான் நகருக்குச் சென்று, உலகப் போருக்குப் பின் திரும்பி, மதுரையில் தினத்தந்தி நாளிதழில் நீண்ட காலம் பணியாற்றியவர். எழுதியது இரண்டே நாவல்கள். இரண்டும் கடல் கடந்து வட்டிக்கடைகளிலும் வணிகத்திலும் உழைத்த தமிழர்களையும் போர்க்காலத்தையும் பற்றியவை. தம் காலத்தில் தமிழில் அந்த உலகத்தை உடனிருந்து கண்டு எழுதத் தக்கவர் அவரைப் போல் வேறொருவர் அரிது. இலக்கியக் குழு, மேடை, நண்பர் வட்டம் எதுவும் இல்லாமல் அவர் எழுதினார் என்றால், அந்தப் பொருள் அவரை விடவில்லை என்பதே அர்த்தம். ஆனால் 'புயலிலே ஒரு தோணி' எழுதி முடிக்கப்பட்டுச் சுமார் பத்தாண்டுகள் காத்திருந்து 1972இல்தான் அச்சேறியது. அதற்குப் பின் அவர் நாவல் எழுதவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு வருத்தமாக இருக்கும். சரியான பொருளும் அபாரமான மொழியும் வாய்த்த ஒருவருக்கு, உரிய காலத்தில் படித்து 'அடுத்து என்ன எழுதுகிறீர்கள்?' என்று கேட்கச் சிலர் அமைந்திருந்தால் தமிழுக்கு மூன்றாவதும் நான்காவதும் கிடைத்திருக்கலாம் என்பது என் எண்ணம். வாசகரைப் பற்றிப் பின்னால் நான் சொல்லப்போவது இதனால்தான்.

வத்தலக்குண்டில் வளர்ந்த சி. சு. செல்லப்பாவின் வாழ்க்கை வேறு வகை. சுதந்திரப் போராட்டத்தில் சிறை சென்றவர் அவர். அந்த அனுபவத்தை நாவலாக, மூன்று பாகங்களில், 1997இல் வெளிக்கொண்டுவந்தபோது அவருக்கு எண்பத்தைந்து வயது. மறு ஆண்டு காலமானார். அந்த நாவலுக்குச் சாகித்திய அகாதெமி விருது வந்தது 2001இல். சிறை சென்றதற்கும் நாவல் வந்ததற்கும் இடைப்பட்ட பல பத்தாண்டுகளில் அவர் சும்மா இருக்கவில்லை: 'எழுத்து' இதழை 1959 முதல் 1970 வரை நடத்தினார், விமர்சனம் எழுதினார், ஜல்லிக்கட்டை வைத்து ஒரே பிற்பகலில் நடந்து முடியும் சிறிய நாவல் ஒன்றையும் எழுதினார். பெரிய பொருள் ஒன்றை நெடுங்காலம் மனத்தில் வைத்துக்கொண்டே, சிறியவற்றைச் சிறியவையாக முடித்துக்கொண்டே வந்தவர் என்று அவரைப் பார்க்கிறேன். உங்களுக்கும் அதுவே ஏற்றது. ஒரு வாழ்நாள் பொருள் இருக்கட்டும். கைவசம் எப்போதும் முடிக்கத்தக்க ஒரு சிறு வேலையும் இருக்கட்டும்.

கவிதையா, கதையா, கட்டுரையா என்ற கேள்வியில் நீண்ட நேரம் நிற்க வேண்டாம். வடிவத்தை முன்கூட்டித் தேர்ந்தெடுத்துக்கொண்டு பொருளைத் தேடுவோர் பலர் தடுமாறுவதைப் பார்த்திருக்கிறேன். முதல் ஆண்டில் கட்டுரையும் குறிப்பும் எழுதுங்கள் என்பது என் பரிந்துரை. உண்மையை உள்ளபடி எழுதும் பயிற்சி கதைக்கும் கவிதைக்கும் அடித்தளம் ஆகும். கட்டுரைக்குள் அடங்காமல் ஏதாவது மிஞ்சிக்கொண்டே இருந்தால், அது கதையாகிவிடும். அப்போது நீங்கள் தேர்வு செய்ய வேண்டியதே இராது.

தேதியைப் பற்றி. நாள்தோறும் இத்தனை சொற்கள் எழுதியே ஆக வேண்டும் என்ற அறிவுரையை நான் உங்களுக்குத் தர மாட்டேன். பள்ளியில் ஐந்து பாடவேளை நின்று பேசிவிட்டு, பேருந்தில் வந்து, வீட்டு வேலையும் பார்க்கும் ஒரு பெண்ணுக்கு அந்த விதி குற்றவுணர்வைத் தவிர வேறொன்றையும் தராது. ஆண்டை இரண்டாகப் பிரித்துக்கொள்வது நடைமுறைக்கு ஒத்துவரும். பாடம் நடக்கும் மாதங்கள் சேகரிக்கும் மாதங்கள். விடுமுறை மாதங்கள் எழுதும் மாதங்கள். சேகரிக்கும் மாதங்களில் ஒரு நாளைக்குக் கால் மணி நேரம் போதும்: கேட்ட ஒரு வாக்கியம், பார்த்த ஒரு கை அசைவு, அன்றைய விலை, அப்பா சொன்ன ஒரு பழைய சம்பவம் என்று தேதியோடு குறித்து வைக்கலாம். மார்ச் மாதம் விடைத்தாள் திருத்தும்போது அதையும் விட்டுவிடுங்கள், பரவாயில்லை. ஏப்ரலிலும் மேயிலும் உங்களுக்கு விடுமுறை. பூ குவிந்து விலை சரியும் காலமும் அதுதான். தந்தையோடு விடியற்காலையில் மாட்டுத்தாவணிக்குச் சில நாட்கள் சென்று நின்று பாருங்கள்; பொங்கல் விடுமுறையில் விலை உச்சத்தில் இருக்கும்போது மறுபடியும் செல்லுங்கள். ஒரே இடம் இரண்டு பருவங்களில் இரண்டு ஊராகத் தெரியும்.

எழுதும் மாதத்தில் மட்டும் கண்டிப்பு வேண்டும். காலையில் இரண்டு மணி நேரம், ஒரே இடத்தில், கைபேசி வேறொரு அறையில். வீட்டில் இடம் இல்லையென்றால் புது நத்தம் சாலையில் 2023 ஜூலையில் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகம் இருக்கிறது. திருமங்கலத்திலிருந்து பேருந்து மாறி வர வேண்டியிருக்கும். ஆனாலும் அங்கே அமர்ந்து படிக்கும் நூற்றுக்கணக்கான இளைஞர்களுக்கு நடுவே உட்காருவதே ஒருவித ஒழுங்கைத் தரும். மதுரைத் தமிழ்ச் சங்கம் 1901 முதல் இருந்துவருகிறது. பழைய நூல்களையும் இதழ்களையும் தேடுவோர் அங்கும் கேட்டுப் பார்க்கலாம். சங்க இலக்கியம் முதல் பழைய உரைநடை வரை மதுரைத் திட்டம் என்ற இணையத் தொகுப்பின் மின்னூல்களாகக் கட்டணமின்றிக் கிடைக்கின்றன. 1998இல் தொடங்கி ஆர்வலர்கள் தட்டச்சு செய்து சேர்த்தவை அவை. உங்கள் வட்டாரத்தின் நிலம், பாசனம், சாதி, வரி பற்றிய பழைய செய்திகளுக்கு நெல்சன் 1868இல் வெளியிட்ட மதுரைக் கையேடும், பிரான்சிஸ் 1906இல் தொகுத்த மாவட்ட கெசட்டியரும் உதவும். அவற்றை எழுதியவர்கள் ஆட்சியாளர்களின் பார்வையில் எழுதினார்கள் என்பதை மறக்காமல் படியுங்கள்.

ஊக்கம் குன்றும் நாட்களைப் பற்றி இனிப் பேசலாம். எழுத்து நின்றுபோவது எப்போதும் ஒரே காரணத்தால் அல்ல. களைப்பால் நின்றிருந்தால் ஓய்வே மருந்து. அதற்கு மேல் ஆராய வேண்டியதில்லை. பொருள் போதாமல் நின்றிருந்தால் நாற்காலியை விட்டு எழுந்துபோய் யாரிடமாவது கேட்க வேண்டும். பறிப்புக் கூலி எப்படிக் கணக்கிடப்படுகிறது என்று தெரியாத பத்தியில் நீங்கள் எத்தனை நாள் உட்கார்ந்திருந்தாலும் வாக்கியம் வராது. மூன்றாவது காரணம் அச்சம். சிற்றூரிலிருந்து எழுதுவோர் அதிகம் சந்திப்பதும் வெளியே சொல்லத் தயங்குவதும் இதைத்தான். பெரியப்பா படித்தால் என்ன நினைப்பார், தெருவில் என்ன பேசுவார்கள், சொத்துத் தகராறும் சாதிப் பேச்சும் வரும் இடத்தை எழுதினால் தங்கையின் கல்யாணம் தடைப்படுமோ என்ற அச்சம், கையை அறியாமலே தடுத்துவிடுகிறது. பலர் இதையே 'மனநிலை வரவில்லை' என்று சொல்லிக்கொள்கிறார்கள்.

அந்த அச்சத்தை அற்பமானதென்று நான் ஒதுக்க மாட்டேன். அது நியாயமானது, பெண்களுக்கு இன்னும் கூடுதலாக நியாயமானது. எழுதுவதையும் வெளியிடுவதையும் இரண்டு தனி முடிவுகளாகப் பிரித்துவிட்டால் பாதிப் பாரம் குறையும். முதல் படியில் எதையும் மறைக்காமல், உண்மைப் பெயர்களோடுகூட எழுதுங்கள். அது உங்கள் பெட்டிக்குள் இருக்கட்டும். இரண்டாம் படியில் ஊரை மாற்றலாம், உறவை மாற்றலாம், அண்ணன் செய்ததை அத்தை செய்ததாக ஆக்கலாம். இப்படி மாற்றும்போது கதை பலவீனமாகும் என்று பயப்பட வேண்டாம். பல சமயங்களில் அப்போதுதான் அது உங்கள் குடும்ப விவகாரம் என்ற நிலையிலிருந்து கதையாக எழுந்து நிற்கும். யாராவது உங்களை நம்பித் தனியே சொன்ன செய்தியாக இருந்தால் அவரிடம் கேளுங்கள். கட்டுரையாக இருந்தால் பெயர் போடலாமா என்று கேட்ட பிறகே போடுங்கள். நம் பக்கத்து மனிதர்கள் கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். கேட்காமல் எழுதியதைத்தான் மன்னிக்க மாட்டார்கள்.

பேச்சுமொழியைப் பற்றி ஒரு சொல். உரையாடலில் மதுரைத் தமிழ் என்று திரைப்படங்கள் பழக்கப்படுத்திய மொழியைக் கொண்டுவந்துவிடாதீர்கள். மேலூர்ப் பேச்சு, உசிலம்பட்டிப் பேச்சு, நகருக்குள் சௌராட்டிரக் குடும்பங்கள் பேசும் தமிழ் எல்லாம் வேறு வேறு. கமிஷன் கடையில் விவசாயியிடம் பேசுபவர், அடுத்த நிமிடம் வங்கி ஊழியரிடம் வேறு விதமாகப் பேசுவார். உங்கள் செவிக்கு எட்டியதை மட்டும் எழுதுங்கள்.

திருத்தும் கட்டத்தில் ஊக்கம் மறுபடியும் குறையும், ஏனென்றால் எழுதியது மனத்தில் இருந்ததைவிட மெலிந்து தெரியும். அங்கே எனக்கு மிகவும் உதவியாக இருப்பது நன்னூல். நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களை அதன் பாயிரம் வரிசைப்படுத்துகிறது: குன்றக்கூறல், மிகைபடக்கூறல், கூறியது கூறல், மாறுகொளக்கூறல், வழூஉச்சொல் புணர்த்தல், மயங்கவைத்தல், வெற்றெனத் தொடுத்தல், மற்றொன்று விரித்தல், சென்று தேய்ந்து இறுதல், நின்று பயனின்மை. இலக்கணத் தேர்வுக்கு மனப்பாடம் செய்ததோடு இதை விட்டுவிடுகிறோம். உங்கள் கதையை எடுத்து, ஒவ்வொரு பத்திக்கு எதிரிலும் இந்தப் பத்தில் எது பொருந்துகிறது என்று பென்சிலால் குறித்துப் பாருங்கள். என்னிடம் வரும் படிகளில் மிகுதியாகக் காண்பது இரண்டு. ஒன்று வெற்றெனத் தொடுத்தல்: பொருளில்லாத அழகிய சொற்களை அடுக்குவது, போட்டிப் பரிசு பெற்றவர்களிடம் இது அதிகம், உங்களிடமும் இருக்கக்கூடும். மற்றொன்று சென்று தேய்ந்து இறுதல்: வேகத்தோடு தொடங்கிய சொல்நடை போகப் போக மெலிந்துவிடுவது. நான்கு பக்கத்தில் நின்றுவிடுகிறேன் என்கிறீர்களே, அது இந்தக் குற்றத்தின் தொடக்கநிலைதான். முதல் பக்கத்தில் எல்லா ஆற்றலையும் செலவழித்துவிடாமல், மிகச் சிறந்த செய்தியை ஐந்தாம் பக்கத்துக்கு என்று வைத்துக்கொண்டு எழுதத் தொடங்கிப் பாருங்கள். இப்படிப் பெயர் சூட்டப்பட்ட குறை அச்சுறுத்தாது. 'எனக்கு எழுத வரவில்லை' என்பதற்கு மருந்து கிடையாது. 'மூன்றாம் பத்தியில் மற்றொன்று விரித்திருக்கிறேன்' என்பதை அரை மணி நேரத்தில் சரிசெய்துவிடலாம்.

வாசகர் என்று முதலில் இரண்டு பேர் போதும். ஒருவர் பொருள் அறிந்தவர். உங்கள் விஷயத்தில் அது உங்கள் தந்தை. கணக்கு எழுதுபவர் துல்லியத்தை மதிப்பவர். 'அந்த நேரத்தில் அந்த விலை இருந்திருக்காது' என்று அவர் சொல்வது எந்த விமர்சகரின் கருத்தையும்விடப் பயன்தரும். மற்றவர் எழுத்து அறிந்தவர். நிறையப் படித்த தோழியாகவோ, முன்னாள் ஆசிரியராகவோ இருக்கலாம். புகழ்பவர் வேண்டாம், எல்லாவற்றையும் குறை சொல்பவரும் வேண்டாம். இன்ன தேதிக்குள் இத்தனை பக்கம் தருகிறேன் என்று அவரிடம் வாக்குக் கொடுத்துவிடுங்கள். கல்லூரியில் நடுவருக்காக எழுதியபோது இருந்த கட்டாயம் அதனால் ஓரளவு திரும்பும். அதற்குப் பிறகு இதழ்களுக்கு அனுப்பலாம். இதழ்களிலிருந்து மாதக்கணக்கில் பதில் வராமல் இருப்பது வழக்கம். பதில் வராததை மறுப்பு என்று எடுத்துக்கொள்ள வேண்டாம், மறுப்பைத் தீர்ப்பு என்று எடுத்துக்கொள்ளவும் வேண்டாம். அனுப்பிய தேதியைக் குறித்து வைத்து, அடுத்ததைத் தொடங்கிவிடுங்கள். காத்திருக்கும் காலத்தை வெறுமையாக விட்டால்தான் அது மனத்தை அரிக்கும்.

கடைசியாக, வேலையை விடலாமா என்ற கேள்வி. விட வேண்டாம் என்பதே என் தெளிவான கருத்து. தமிழ்ப் பதிப்புலகில் ராயல்டி பொதுவாகப் புத்தக விலையில் பத்து சதவீத அளவில் இருக்கும். 250 ரூபாய் விலையுள்ள புத்தகம் 500 படிகள் விற்றால் உங்களுக்குக் கிடைப்பது 12,500 ரூபாய். அறிமுக எழுத்தாளருக்கு 500 படிகள் விற்பதே நல்ல விற்பனை, அதற்கு ஓராண்டுக்கு மேலும் ஆகலாம். இந்த வருமானத்தை நம்பி வேலையை விட்டவர்கள், வாடகை கட்டுவதற்காகத் தமக்கு விருப்பமில்லாததை எல்லாம் எழுத நேர்ந்து, எழுத்தின் மீதே கசப்படைந்ததைக் கண்டிருக்கிறேன். மேலும் வேலை எழுத்துக்கு எதிரி என்ற எண்ணமும் சரியல்ல. பாரதி 1904இல் ஆகஸ்ட் முதல் நவம்பர் வரை மதுரைச் சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் தற்காலிகத் தமிழாசிரியராக இருந்தார்; அங்கிருந்து சென்னைக்குச் சென்று சுதேசமித்திரனில் உதவி ஆசிரியரானார். அந்த நாளிதழுக்காக ஆங்கிலச் செய்திகளையும் சொற்பொழிவுகளையும் நாள்தோறும் தமிழாக்கிய உழைப்பு அவருடைய உரைநடையை உருவாக்கியதில் பெரும்பங்கு வகித்தது என்று நம்புகிறேன். உங்கள் வகுப்பறையும் வெறும் சம்பளம் தரும் இடமல்ல. நாற்பது குடும்பங்களின் பிள்ளைகளைப் பத்து மாதம் அருகிலிருந்து பார்க்கும் வாய்ப்பு வேறெந்த எழுத்தாளருக்கும் எளிதில் கிடைக்காது.

பணம் கட்டினால் புத்தகம் போட்டுத் தருகிறோம் என்று யாராவது வந்தால், முதல் புத்தகத்துக்கு அந்த வழியை நாட வேண்டாம். பதிப்பாளர் தம் செலவில் வெளியிட முன்வரும்வரை இதழ்களில் எழுதிக்கொண்டிருங்கள். முன்வரும்போது எழுத்து மூலமான ஒப்பந்தம் கேளுங்கள்: எத்தனை படிகள், எத்தனை சதவீதம், கணக்கு எந்த மாதத்தில் தருவார்கள், புத்தகம் அச்சில் இல்லாமல் போனால் உரிமை எப்போது உங்களிடம் திரும்பும் என்ற நான்கும் அதில் இருக்க வேண்டும். இந்தியச் சட்டப்படி பதிப்புரிமை ஆசிரியரின் வாழ்நாளுக்கும் அதன்பின் அறுபது ஆண்டுகளுக்கும் நீடிப்பது. அதை ஒரு கையெழுத்தில் முழுவதுமாக எழுதிக்கொடுத்துவிடாதீர்கள். ஒப்பந்தத்தைப் படித்துப் பார்க்க உங்கள் தந்தையையும் உடன் வைத்துக்கொள்ளுங்கள். கமிஷன் கடைக் கணக்கைப் பல ஆண்டுகள் பார்த்தவர் கண்ணுக்கு விடுபட்ட வரி தப்பாது.